எங்கள் வீட்டு மெனு மாவுத் தூக்கில் இருக்கிறது

கேள்வி: கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என்னென்ன சமைப்பீர்கள், எத்தனை நாள் வெளியே சாப்பிடுவீர்கள்?

எங்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரி என்ன என்று யாராவது கேட்டால், பிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டில் இருக்கும் மாவுத் தூக்கைத்தான் பார்ப்பேன். மாவு எவ்வளவு இருக்கிறது, அரைத்து எத்தனை நாள் ஆகிறது, மூடியைத் திறந்தால் என்ன வாடை வருகிறது, அதைப் பொறுத்து எல்லாம் தானாக முடிவாகிவிடும். வாரத்துக்கு அட்டவணை போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மாவு புளிக்கிற வேகத்துக்கு அட்டவணை ஈடு கொடுக்காது.

நாங்கள் மதுரை. வீட்டில் ஐந்து பேர். எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், நாங்கள் இருவர், என் மாமியார். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகும். கணவர் வர எட்டரை. அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அடுப்படியில் நிற்க முடியாது, ஆனால் கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது.

வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாவரைக்கும்போது. ஒரு படி இட்லி அரிசிக்கு ஒரு உழக்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். நாலு உழக்கு ஒரு படி, ஆக கணக்கு நாலுக்கு ஒன்று. அரிசிக்கும் உளுந்துக்கும் பெரிய செலவில்லை. அதில் ஐந்து பேருக்கு மூன்று ராத்திரி ஓடும். கடையில் மாவுப் பாக்கெட் கிடைக்காமல் இல்லை. வாங்கியும் இருக்கிறோம். அத்தை அதில் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிரைண்டர் அரசாங்கம் கொடுத்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அத்தையின் ரேஷன் கார்டுக்கு வந்த டேபிள் டாப். மிக்ஸி எப்போதோ போய்விட்டது. மின்விசிறி இரண்டு தடவை காயில் கட்டியபின் பரணுக்குப் போனது. கிரைண்டர் மட்டும் இன்னும் ஓடுகிறது. பெல்ட் மாற்றியதோடு சரி.

உளுந்தை முதலில் போடுவார். அதிக நேரம் ஊற விடமாட்டார், ஒரு மணி நேரம் போதும் என்பார். சித்திரை வைகாசியில் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுவார், இல்லையென்றால் மாவு சூடேறி உபரி காணாது. அரை மணி நேரம் கழித்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொல்வார். கோலி அளவு மாவைக் கிள்ளி அதில் போடுவார். மிதந்தால் எடுத்துவிடலாம், முங்கினால் இன்னும் ஓட வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் இந்தக் கிண்ணத்தைப் பிடிக்கத் தனிப் போட்டி உண்டு. கடைசியில் அரிசி மாவையும் உளுந்து மாவையும் ஒன்றாகக் கொட்டி, கல்லுப்பு போட்டு, முழங்கை வரை விட்டுக் கரைப்பார். கரண்டியால் கலக்கினால் பொங்காது என்பது அவர் கட்சி. லியூகோனோஸ்டாக் என்று ஒரு பாக்டீரியாதான் மாவைப் பொங்க வைக்கிறது, அது உளுந்திலேயே இருக்கிறது என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். "உளுந்துல இல்லடி, அது அப்பத்தா கையில இருக்கு" என்று அத்தை முடித்துவிட்டார்.

திங்கள் ராத்திரி இட்லி. இதில் மாற்றமே கிடையாது. காலையில் பொங்கி நிற்கும் மாவைக் கலக்காமல் அப்படியே பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் வந்து அள்ளி ஊற்ற வேண்டியதுதான். துணி போட்டு ஊற்றும் தட்டுத்தான் இன்னமும். இட்லி வேகும் பத்து நிமிஷத்தில் தேங்காய்ச் சட்னி ஆகிவிடும். சாம்பார் இருந்தால் உண்டு, இல்லையென்றால் பொடியும் நல்லெண்ணெயும். அலுவலகத்தில் இருந்து வந்து அரை மணி நேரத்தில் ஐந்து பேர் சாப்பாடு தயார். கேள்வி கேட்டவர் "எப்படிச் சமாளிக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அத்தை உட்காரும் ஒன்றரை மணி நேரத்தில் திங்களும் செவ்வாயும் எனக்கு மிச்சம்.

செவ்வாய் தோசை. இட்லி சீக்கிரம் முடிகிற வேலை. தோசை அப்படி இல்லை, சுடுகிறவளை நிற்க வைத்துவிடும். ஒருவர் இரண்டாவது தோசையை முடிக்கும்போது அடுத்தவர் முதல் தோசைக்குக் காத்திருப்பார். மகனுக்கு ஓரம் முறுகலாக வேண்டும், மகளுக்கு முட்டை ஊற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை முட்டையா என்று அத்தை தினமலர் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்பார், கேட்காததுபோல் ஊற்றிவிடுவேன். கடைசித் தோசை எனக்கு. அதற்குள் தக்காளிச் சட்னி கிண்ணத்தில் வழிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். போன வருஷம் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்துவிட்டேன். கணவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து செவ்வாய்க்கிழமை எனக்கும் அத்தைக்கும் தோசை சுட்டுக் கொடுப்பது அவர் வேலை. வட்டம் வராது. நடுவில் ஊத்தப்பம், ஓரத்தில் நெய் ரோஸ்ட். உட்கார்ந்து சாப்பிடுகிறேன், எனக்கு அது போதும்.

புதன் சப்பாத்தி, அதுவும் அவர்தான். குருமா மட்டும் நான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேடை முழுக்க மாவாக இருக்கும், துடைப்பது நான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

வியாழக்கிழமை மாவு புளித்திருக்கும். மார்கழியில் என்றால் அப்போதுதான் சரியான பதத்துக்கு வந்திருக்கும், சித்திரையில் என்றால் மூடியைத் திறக்கும்போதே தெரியும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றிவிடுவேன். ரொம்பப் புளிப்பென்றால் கொஞ்சம் ரவை சேர்த்தால் சரியாகிவிடும். புளித்த மாவைத் தீர்க்கத்தான் பணியாரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏதோ விசேஷம் என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள். தெரியாமலே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தூக்கு காலி. வாரத்தில் எனக்குப் பிடிக்காத நாள். கோதுமை ரவை உப்புமா என்றால் மகன் நேரடியாகவே "பசிக்கல" என்பான். இடியாப்பம் விற்பவர் ஏழரை வாக்கில் எங்கள் தெருவுக்குள் வருவார், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பெரிய பாத்திரம், ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல். இப்போது பாதி வெள்ளிக்கிழமை அவர்தான் காப்பாற்றுகிறார். தேங்காய்ப்பால் எடுத்து, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் முடிந்தது. முதலில் அத்தைக்கு இது கௌரவப் பிரச்சினையாக இருந்தது. "வீட்டுல இடியாப்ப நாழி இருக்கு, வெளிய வாங்குறதா?" என்றார். நாழியைப் பிழிந்து பார்த்தால் தெரியும் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. அப்புறம் அவரே ஏழேகாலுக்கு வாசலில் போய் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே சாப்பிடுவது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. சம்பளம் வந்ததும் ஒன்று, நடுவில் ஒன்று. மற்ற சனிக்கிழமைகளில் சாம்பார் சாதமோ, எலுமிச்சைச் சாதமோ, அப்பளத்தோடு ஓட்டிவிடுவோம்.

மதுரையில் இருந்துகொண்டு வெளியே சாப்பிடப் போகிறோம் என்றால் பெரும்பாலும் பரோட்டாதான். ராத்திரி பத்து மணிக்கும் கல் சூடாக இருக்கும் ஊர் இது. நாங்கள் போகும் கடைக்கு ஏசி கிடையாது, வாசலிலேயே கல். மகன் உள்ளே வந்து உட்காரமாட்டான், மாஸ்டர் எதிரில் நிற்பான். மைதா உருண்டையை எண்ணெய் தடவிய பலகையில் தட்டி, விசிறி விசிறிக் கண்ணாடி மாதிரி ஆக்கி, சுருட்டிப் போடுவதை வாய் திறந்து பார்ப்பான். வெந்த பரோட்டா ஏழெட்டை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கும்போது இதழ் இதழாக விரியும். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி வருவான், அது நமக்கு வருகிற பரோட்டா என்று அவனுக்குத் தெரியும். பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவோம், கூடவே அரைவேக்காட்டு முட்டையில் ஒரு கலக்கி. எல்லாம் சேர்த்து எழுநூறு, எண்ணூறு ஆகும்.

இந்தப் பரோட்டாவை 2020 ஊரடங்கில் நாங்களும் வீட்டில் செய்து பார்த்தோம். காணொளி பார்த்து, மாவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயை ஊற்று ஊற்றென்று ஊற்றி. வந்தது வறட்டி. மறுநாள் அதைக் கொத்துப் பரோட்டாவாக்கி மறைத்தோம். தட்டில் இரண்டு கரண்டியை வைத்து மகள் தாளம் போட்டது மட்டும் கடை மாதிரியே இருந்தது.

கறி தோசை சாப்பிட வேண்டும் என்றால் சிம்மக்கல் கோனார் கடை. தடித்த தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கறி மசாலா, அப்படியே திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் போதும், இரண்டாவது கேட்பவரைப் பார்த்தால் மரியாதை வரும்.

இதில் ஒரு சிக்கல், அத்தை சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். பெருமாளுக்கு விரதம். அசைவக் கடையில் வெறும் தோசைகூட வேண்டாம், அதே கல் என்பார். ஞாயிறுக்கு மாற்றிப் பார்த்தோம், ஞாயிறு மதியம் வீட்டில் கறி எடுப்பதால் யாருக்கும் ராத்திரி பசி இல்லை. அதனால் எங்களோடு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் வழியில் தள்ளுவண்டி இட்லிக் கடையில் நிறுத்தினால் நாலு இட்லி, நாலு வகைச் சட்னி. அங்கே நாங்கள் நால்வரும் வயிறு நிறைந்த நிலையில் சுற்றி நிற்போம். நின்றதற்கு ஆளுக்கு ஒன்று என்று கடைசியில் எட்டு இட்லி ஆகிவிடும். புரட்டாசி வந்தால் தொல்லை இல்லை, எல்லோருக்குமே சைவம், ஐந்து பேரும் ஒரே மேசை.

பெரிய ஓட்டல் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மகள் பிறந்தநாளுக்கு ஒரு முறை போனோம், பெயர் வேண்டாம். ஆர்டர் கொடுத்து ஐம்பது நிமிஷம். மகன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். வந்த பன்னீர் மசாலா பாயசத்துக்குத் தம்பி. பில் 2,340 ரூபாய். அதில் 5 சதவீத ஜிஎஸ்டி சரி, அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கணக்குப் பார்க்கிறவள் சும்மா இருப்பேனா, கேட்டேன். முனகிக்கொண்டே எடுத்தார்கள். நீங்களும் பில்லைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளியே வந்ததும் அத்தை சொன்னார், "இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ கறி எடுத்திருந்தா தெருவே சாப்பிட்டிருக்கும்." அதற்கப்புறம் பிறந்தநாள் எல்லாம் பரோட்டாக் கடையில்தான்.

ஞாயிறு ராத்திரி கணக்கிலேயே வராது, தனியாக எதுவும் சமைப்பதில்லை. மதியம் வைத்த கறிக்குழம்பு சட்டியில் அடியில் ஒட்டிக்கொண்டு, மசாலா திரண்டு கிடக்கும். கறி முடிந்திருக்கும், நெஞ்செலும்பு ஒன்றிரண்டு இருக்கலாம். மிச்சச் சோற்றை அந்தச் சட்டியிலேயே கொட்டி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, ஓரமெல்லாம் வழித்துப் பிசைவேன். தட்டு எடுப்பதில்லை. சுற்றி உட்கார்ந்து கையை நீட்டினால் ஆளுக்கு ஓர் உருண்டை. அவர்கூட டிவியை விட்டு எழுந்து வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கும், அத்தைக்கு இரண்டு கையிலும் மாவு. அதனால் அவருக்கு மட்டும் நான் எழுந்து போய் வாயில் ஊட்டிவிடுவேன். மென்றுகொண்டே, கிரைண்டர் சத்தத்துக்கு மேல் சொல்வார், "உப்பு ஒரு கல்லு கம்மி."