வீட்டில் லேண்ட்லார்ட் பிட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பீரைப் பற்றியவை: மேற்கு யார்க்ஷயரில் கீத்லி ஊரில் டிமதி டெய்லர் ஆலை காய்ச்சும் லேண்ட்லார்ட். ‘சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன்’ பட்டத்தை 4 முறை வாங்கிய பிட்டர் (ஹாப்ஸ் கசப்புள்ள ஆங்கிலேய பீர் வகை) அது. அதை வீட்டில் காய்ச்சிப் பார்க்க ஆசை வருவது நியாயம்தான். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

லேண்ட்லார்டுக்கு நம்பி இறங்கக்கூடிய ஓர் அளவு சொல்லுங்கள் ஐயா. (ரெடிங்)

23 லிட்டருக்கு கோல்டன் பிராமிஸ் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 4.3 கிலோ. மேஷ், அதாவது மால்டை வெந்நீரில் ஊறவைப்பது, 66 டிகிரியில் ஒரு மணி நேரம். வடித்த சாறு கொதி வந்ததும் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ): ஃபகிள் 30 கிராம், கோல்டிங்ஸ் 20 கிராம். அடுப்பை அணைத்த பிறகு ஸ்டிரியன் கோல்டிங்ஸ் 40 கிராம் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். தண்ணீரை 1 என்று வைத்தால் தொடக்க அடர்த்தி 1.042, முடிவு 1.010 பக்கம் நிற்கும். ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) வையீஸ்ட் நிறுவனத்தின் 1469. 18 டிகிரியில் தொடங்கி 20 வரை ஏறட்டும். மாரிஸ் ஆட்டர் மால்ட் போட்டாலும் அருமையான பிட்டர் வரும். ஆனால் அது வேறு பிட்டர்.

நிறம் பத்தவில்லை. கிரிஸ்டல் மால்ட் அரைக் கிலோ சேர்க்கலாமா? (நாட்டிங்ஹாம்)

கூடாது. டாஃபி தித்திப்பு வந்து ஹாப்ஸ் மணத்தை அமுக்கிவிடும். நிறம்தான் வேண்டுமென்றால் பிளாக் மால்ட் 30 கிராம், அதையும் மேஷ் முடியும் நேரத்தில் மேலே தூவுங்கள். நிறம் பீரில் சேரும், கருகல் ருசி சேராது.

ஸ்டிரியன் கோல்டிங்ஸ் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் ஈஸ்ட் கென்ட் பகுதி கோல்டிங்ஸ் போடலாமா? பெயர் ஒன்றுதானே! (கார்டிஃப்)

பெயர்தான் ஒன்று. ஸ்டிரியன் கோல்டிங்ஸ் என்பது ஸ்லொவேனியா மண்ணில் வளர்ந்த ஃபகிள். கிடைக்காவிட்டால் ஃபகிளையே கடைசியிலும் போடுங்கள். கடையில் சவின்ஸ்கி கோல்டிங் என்ற பெயரில் இருந்தால் அதுவும் இதுதான்.

பீர் புளிக்கிறது. என்ன செய்யலாம்?

ஊர் இல்லை, ஈஸ்ட் என்னவென்று இல்லை, எத்தனை டிகிரி, எத்தனை நாள், ஒன்றுமே இல்லை. வைத்தியரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? இனி எழுதுபவர்கள் இந்த நான்கையும் எழுதுங்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பாட்டிலில் ஊற்றும் வாளியின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். வாஷருக்குப் பின்னால் பழுப்பாக வழவழவென்று ஒரு வளையம் ஒட்டியிருந்தால் புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் குழாயை முழுசாகக் கழற்றிக் கழுவ வேண்டும். வெளியே இருந்து கிருமிநாசினி தெளித்தால் உள்ளே போகாது.

நாலு நாளில் குமிழ் நின்றுவிட்டது. பாட்டிலில் ஊற்றலாமா அண்ணா? (ஷெஃபீல்ட், மாணவர்)

வேண்டாம் தம்பி. குமிழை நம்பாதே, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்பு. மூன்று நாள் அடுத்தடுத்து ஒரே எண் காட்டட்டும். முடியாத பீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும், கண்ணாடித் துண்டு முகத்தில் பாயும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பப்பில் குடிக்கும் ருசி வரவே இல்லை. 23 லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை போட்டு பாட்டில் செய்தேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துக் குடித்தால் கசப்பும் கேஸும்தான் தெரிகிறது. மால்டை மாற்றவா, ஹாப்ஸை மாற்றவா? (க்ராய்டன்)

இரண்டையும் மாற்றாதீர்கள். இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. நல்ல மால்ட் வாங்கி, தேடிப்பிடித்து ஈஸ்ட் வாங்கி, ஒரு நாள் முழுக்க நின்று காய்ச்சிவிட்டு, கடைசியில் குளிரவைத்துக் குடிக்கும் கேஸ் பீரான லாகர் மாதிரி அடைத்து லாகர் மாதிரி குளிரவைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பப்பில் நடப்பதைப் பாருங்கள். நிலவறையில் காஸ்க் என்ற பீப்பாய் படுத்திருக்கும், அங்கே சூடு 12 டிகிரி பக்கம். மேலே இருக்கும் துளையில் ஒரு மர ஆணி. அந்த மரத்தின் வழியாகவே அதிகப்படி வாயு கசிந்து போகும். மிஞ்சுவது ஒரு லிட்டர் பீருக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும் கரியமிலவாயு. லாகரில் இரண்டரை லிட்டர் இருக்கும். உங்கள் 150 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்று விட்ட வாயு அதையும் தாண்டிவிட்டது. அவ்வளவு வாயு நாக்கைக் குத்தும், கசப்பைக் கூர்மையாக்கும். 4 டிகிரி குளிரில் மணமும் எழாது. அப்புறம் மால்ட் எங்கே தெரியும், ஹாப்ஸ் எங்கே தெரியும்?

ஒரு நண்பர் வீட்டில் இப்படித்தான் பனி பூத்த கிளாஸில் ஊற்றித் தந்தார். முகர்ந்தால் ஒன்றுமில்லை. குடிக்காமல் மேசையில் வைத்து, கரண்டியால் மெல்லக் கிளறிக் கேஸைப் போக்கினேன். 40 நிமிடம் கழித்து எடுத்தபோது ஆரஞ்சுத் தோல் மணமும், பின்னால் ரொட்டிக் கருக்கு மணமும் வந்தன. அவரே காய்ச்சிய பீரின் மணம். அவர் அதை முதல் முறையாக அன்றுதான் முகர்ந்தார்.

ஆகவே 60 கிராம் சர்க்கரை போதும். பாட்டிலில் சற்றுக் கூடுதல் துள்ளல் வேண்டுமென்றால் 100, அதற்கு மேல் வேண்டாம். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜை விட்டு எடுத்துவிடுங்கள். ஒப்பிடும்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். காஸ்கில் வரும் லேண்ட்லார்ட் 4.3 சதவீதம், பாட்டிலில் 4.1. இரண்டும் நாக்குக்கு ஒன்றல்ல.

லண்டன் ஈஸ்ட் ஹாம் பகுதியில் தண்ணீர் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது. அதிலேயே காய்ச்சலாமா?

அப்படியே வேண்டாம். முந்தின நாள் அரை மணி கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும், மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஜிப்சம் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் கசப்பு சுத்தமாக நிற்கும். பர்ட்டன் ஊர் பிட்டருக்குப் பேர் வாங்கித் தந்ததே நிலத்தடி ஜிப்சம்தான். குளோரினுக்கு கேம்டன் மாத்திரை பாதி. இதை மறந்தால் மருந்து வாடை அடிக்கும்.

லண்டன் ப்ரைட் பிட்டர் மாதிரி செய்கிறேன். ஈஸ்ட் வையீஸ்ட் 1968. அடர்த்தி 1.020-இல் நின்றுவிட்டது, வெண்ணெய் வாசனை வேறு. (லெஸ்டர்)

அந்த ஈஸ்டின் குணம் அது. வேலை முடியும் முன்பே கட்டிகட்டியாகி அடியில் உட்கார்ந்துவிடும். மூடியைத் திறக்காமல் பாத்திரத்தை மெல்லச் சுழற்றி எழுப்புங்கள், 21 டிகிரிக்கு ஏற்றுங்கள், நாலு நாள் பொறுங்கள். வெண்ணெய் வாசனையை ஈஸ்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டு வடித்துவிட்டால் அது பீரிலேயே தங்கிவிடும். 1.020-இல் பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் வீட்டில் செய்யலாமா?

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே பிரிட்டனில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை, ஆனால் விற்கக் கூடாது.

பாட்டிலில் எவ்வளவு நாள் வைக்கலாம்? (லீட்ஸ்)

மூன்று வாரத்தில் திறக்கலாம், இரண்டு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். கடைசியில் போட்ட ஹாப்ஸ் மணம்தான் முதலில் போகும்.