மாருதி 800 எஞ்சினைப் பிரித்ததில் மூன்று பிஸ்டன்களும் கலந்துவிட்டன. எது எந்த சிலிண்டருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவரின் நிலைமை இது: பழைய கார்புரேட்டர் 800, ஆயில் குறைகிறது, புகை வருகிறது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துக் கழுவும்போது பிஸ்டன்களை ராடிலிருந்து (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) கழற்றி ஒரே தட்டில் போட்டுவிட்டார்கள். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் மாற்றிப் பழைய பிஸ்டனையே போடலாமா, போட்டால் எதை எங்கே போடுவது?

எங்கள் அப்பாவின் 800-க்கும் இதேதான் நடந்தது. அப்போது மெக்கானிக் சொன்னது: "மூணும் ஸ்டாண்டர்ட் சைஸ்தான் சார், எதை எங்க போட்டாலும் ஒண்ணுதான்." நானும் நம்பினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம், சூடேறினால் அடங்கிவிடும். நாலாயிரம் கிலோமீட்டர் கழித்துத் திரும்பத் திறந்தபோது ஒரு பிஸ்டனின் ஸ்கர்ட்டில் (கீழ்ப்பகுதிச் சுவர்) இறுகி உரசிய கோடுகள். இன்னொன்று போருக்குள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தளர்வாக ஆடியது. கடைசியில் ரீபோர் செய்து (துளையைப் பெரிதாகக் கடைந்து) புது செட் போட வேண்டியதாயிற்று. அப்பா அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்தவன் என்பதால் இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

இந்த எஞ்சினின் போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. தொழிற்சாலையிலேயே பிஸ்டனையும் போரையும் இரண்டு கிரேடாக (நுண்ணிய அளவுப் பிரிவு) பிரித்துச் சேர்ப்பார்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டாமல் ஊறவைத்துத் துடைத்தால் 1 அல்லது 2 என்ற எண் தெரியும். பிளாக்கிலும் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) சிலிண்டருக்கு ஒன்றாக எண் பொறித்திருக்கும். இரண்டு கிரேடுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 0.01 மி.மீ.தான். ஆக "மூணும் ஸ்டாண்டர்ட்" என்பது புது எஞ்சினுக்கே முழு உண்மை இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதற்குக் கேட்கவே வேண்டாம்.

சரி, அளப்போம். ஒரு மைக்ரோமீட்டர், ஒரு போர் டயல் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வேண்டும். வெர்னியரை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், இந்த அளவு நுணுக்கத்துக்கு அதை நம்ப முடியாது. பிஸ்டன் வட்டமாக இருக்காது. ராடோடு இணைக்கும் பின் (pin) இருக்கும் திசையில் ஒடுங்கி, அதற்குக் குறுக்கே அகன்று, லேசான முட்டை வடிவில் இருக்கும். தலைப்பக்கம் சூடு அதிகம் என்பதால் மேலே இன்னும் சிறுத்திருக்கும். எனவே ஸ்கர்ட்டில், பின்னுக்குக் குறுக்குத் திசையில், எஞ்சின் கையேட்டில் சொன்ன உயரத்தில் மட்டும் அளக்க வேண்டும். போரில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்கள்; ஒவ்வொன்றிலும் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. மொத்தம் ஆறு அளவுகள். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும், அதுவும் குறுக்குவாக்கில்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம் வெப்பநிலை. அலுமினிய பிஸ்டன் பத்து டிகிரி சூடேறினால் இந்த அளவில் சுமார் 14 மைக்ரான் (0.014 மி.மீ.) விரியும். வார்ப்பிரும்பு போர் அதில் பாதிதான் விரியும். அதாவது கோவை ஏப்ரல் வெயிலில் கிடந்த பிஸ்டனை நிழலில் இருக்கும் பிளாக்கோடு ஒப்பிட்டால் ஒரு கிரேடுக்கு மேலேயே தப்பாகிவிடும். எனக்குச் சொல்லிக்கொடுத்த கோவை கணபதிப் பக்கத்துப் போரிங் பட்டறைப் பெரியவர் பிஸ்டனையும் பிளாக்கையும் இரவே ஒரே மேசையில் வைத்துவிட்டுக் காலையில் முதல் வேலையாக அளப்பார். பிஸ்டனைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினால் அதட்டுவார்.

பிறகு நண்பரின் ஆம்னிக்கு (அதுவும் இதே 796 சிசி எஞ்சின்) அவரோடு உட்கார்ந்து செய்தேன். போர்கள் நடுப்பகுதியில் குறுக்குவாக்கில் 68.54, 68.52, 68.53. பிஸ்டன்கள் 68.46, 68.45, 68.47. பெரிய பிஸ்டனைப் பெரிய போருக்கும் சின்னதைச் சின்னதற்கும் கொடுத்தால் மூன்றிலும் இடைவெளி 0.07. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் ஒன்றில் 0.05, இன்னொன்றில் 0.09 வந்திருக்கலாம். அதே மூன்று பிஸ்டன், அதே மூன்று போர்தான். ஜோடி சேர்த்து முடித்ததும் போரின் ஆறு அளவுகளில் மிகச் சிறியதை எடுத்து, அதிலிருந்து பிஸ்டன் அளவை ஒருமுறை கழித்துப் பாருங்கள். கையேட்டின் குறைந்தபட்ச இடைவெளியைவிட அது குறையக் கூடாது, குறைந்தால் இறுகும்.

ஒன்றை மறக்காதீர்கள். பெரியதற்குப் பெரியது என்பது கலந்துபோன பிறகு செய்யும் வழிதான். கலக்காத எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் தன் போரில் தேய்ந்து பழகியிருக்கும், அதை அங்கேயே போடுவதுதான் சரி. உங்கள் பிஸ்டன்களிலும் தடயம் தேடுங்கள். ஒரு பிஸ்டனின் ஸ்கர்ட்டில் ஆழமான கீறல் இருந்தால், அதே இடத்தில் கீறல் உள்ள போர்தான் அதன் வீடு. தடயமும் அளவும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

போர் கேஜ் கிடைக்கவில்லையா? ஒரே ஒரு ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் கருவி) அளங்கள். மேலே 0.55, தேயாத அடிப்பகுதியில் 0.35 என்றால் வித்தியாசம் 0.20. அதை 3.14-ஆல் வகுத்தால் போர் மேலே சுமார் 0.06 மி.மீ. அகன்றிருக்கிறது. ஆனால் இது சுற்றளவின் கணக்கு, போர் முட்டையாகிவிட்டதா என்று சொல்லாது. ரீபோர் வேண்டுமா என்று யோசிக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பிஸ்டனில் மேல் ரிங்கின் பள்ளத்தையும் பாருங்கள். புது ரிங்கை வைத்து ஃபீலரைச் செருகினால் இடைவெளி கையேட்டின் வரம்பைத் தாண்டுகிறதா? அப்படியானால் ஸ்கர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த பிஸ்டன் போய்விட்டது. பழைய பிஸ்டனைக் கழிக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான். அப்புறம் போரின் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பு. நகத்தில் தடுக்கினால் அதை எடுக்காமல் புது ரிங் போடாதீர்கள், மேல் ரிங் அதில் மோதி உடையும். மூன்று பிஸ்டனின் எடையையும் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று கிராமுக்குள் இருந்தால் போதும்.

அளவு ஒத்துவராமல் 0.25 மி.மீ. ஓவர் சைஸ் (அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன்) போக நேர்ந்தால், பிஸ்டனை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்குத்தான் போர் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள்.

ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் இடுவது) முடிந்த போரை டீசலில் கழுவினால் போதாது, கல்தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுநீரும் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து, காயவைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் திரும்பக் கழுவுங்கள். ஆம்னிக்கு நான் நான்கு முறை கழுவினேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி கிராங்க் புல்லி பக்கம் பார்க்கும்படி இறக்குங்கள்.