பப்மெட் லிங்க் இருந்தால் நம்பலாமா?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு மாதம் ஒரு முறையாவது சளி பிடித்துவிடுகிறது. தினமும் வைட்டமின் சி கொடுத்தால் சளியே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கீழே பப்மெட் லிங்க்கும் இருக்கிறது. மருத்துவம் படிக்காத நான் இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தேடல் தளம். மூன்று கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. எலிகளிடம் செய்த சோதனையும் இருக்கும், பத்துப் பேரிடம் செய்த ஆய்வும் இருக்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைகூட, 2010இல் திரும்பப் பெறப்பட்ட குறிப்போடு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. செய்தியை ஃபார்வர்ட் செய்கிறவர்கள் அந்தக் குறிப்பையெல்லாம் பார்ப்பதில்லை.

அதனால் ஒற்றை ஆய்வைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்விக்கான ஆய்வுகள் அத்தனையையும் திரட்டி அலசும் தொகுப்பாய்வைத் தேடுங்கள். 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் வேலையே இதுதான். அதன் சின்னத்தில் உள்ள கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஏழு ஆய்வுகளின் முடிவுகள் அவை. முதல் ஆய்வு 1972இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு வர 1989 ஆனது. அதுவரை பல மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவில்லை; காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். காக்ரேன் தளத்தில் ஒவ்வொரு தொகுப்பாய்வுக்கும் எளிய மொழிச் சுருக்கம் ஒன்று உண்டு. படிக்கக் காசு வேண்டாம். சிலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். வைட்டமின் சி பற்றிய 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சுமார் 11,000 பேரிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்தது. தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. தொடர்ந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 14 சதவீதம் குறைந்தது, அதாவது ஏழு நாள் சளி ஆறு நாளில் போகும். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நிச்சயமான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள் போன்றோருக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. உங்களுக்கு வந்த செய்தி இந்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்ததாக இருக்கலாம். உங்கள் பையன் மாரத்தான் ஓடுகிறானா என்ன?

சுருக்கத்தைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதி வரை வந்த ஆய்வுகளைச் சேர்த்தார்கள், ஆதாரம் எவ்வளவு உறுதியானது. ‘மிகக் குறைந்த உறுதி’ என்று போட்டிருந்தால், நாளைக்கே முடிவு மாறலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 4 முதல் 8 வயதுவரை வைட்டமின் சி ஒரு நாளைக்கு 650 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. கடையில் கிடைக்கும் சப்பிச் சாப்பிடும் மாத்திரை பெரும்பாலும் 500 மில்லிகிராம். மிட்டாய் மாதிரி இரண்டு கேட்பான், கொடுத்துவிடாதீர்கள். சளியோடு மூச்சிளைப்பு, காதுவலி, எடை குறைவு ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.