இட்லிப் பொடியைத் தபாலில் விற்க நினைக்கும் தங்கைக்கு

"அக்கா, கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, நான் டிபெண்டன்ட். லெஸ்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் வீட்டிலேயே செய்து இங்கிலாந்து முழுக்க ஆன்லைனில் விற்கலாமா? எங்கே தொடங்குவது, சொந்த வெப்சைட்டா, எட்சி என்ற ஆன்லைன் சந்தையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

வெப்சைட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் வீட்டுக் கதவின் லெட்டர்பாக்ஸை அளந்து பாருங்கள். எதை விற்பது என்பதை அதுதான் முடிவு செய்யப் போகிறது.

ராயல் மெயிலில் 'லார்ஜ் லெட்டர்' என்று ஒரு வகை உண்டு. நீளம் 35.3 செ.மீ., அகலம் 25 செ.மீ., கனம் 2.5 செ.மீ. வரை போகலாம். அந்த இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அது பார்சல். கட்டணம் சட்டென்று ஏறிவிடும். பொடியைத் தட்டையான பவுச்சில் பரப்பி அடைத்தால் இந்த அளவுக்குள் வந்துவிடும். வாங்குபவர் வேலைக்குப் போயிருந்தாலும் கதவுத் துளை வழியாக உள்ளே விழுந்துவிடும். ஊறுகாய் பாட்டில் அப்படிப் போகாது. கனம், கண்ணாடி, போதாததற்கு எண்ணெய்க் கசிவு வேறு. முறுக்கு போய்ச் சேரும்போது பாதி தூளாகியிருக்கும். ஆக, உங்கள் நான்கில் இரண்டைத் தபாலே கழித்துவிட்டது. மிச்சமுள்ள இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். நான் இட்லிப் பொடி என்பேன், பருப்புப் பொடி பின்னால் வரட்டும்.

ஊறுகாயை ஒதுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெயில் ஊறும் பூண்டு, புளிப்பு போதாத காய் போன்றவற்றில் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயைத் தரும் கிருமிக்கு இடமுண்டு. அமில அளவு என்ன, எப்படிச் சோதித்தீர்கள் என்று கவுன்சில் (உள்ளூராட்சி) அதிகாரி கேட்பார். பாட்டி கைப்பக்குவம் என்று அவரிடம் சொல்ல முடியாது. வறுத்து அரைத்த உலர்ந்த பொடிக்கு அந்தத் தலைவலி மிகக் குறைவு.

விசா விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டாம். டிபெண்டன்ட் விசாவில் சுயதொழில் செய்யலாம். உங்கள் ஈ-விசாவில் உள்ள நிபந்தனையை ஒருமுறை படித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலை உங்கள் பெயரிலேயே பதியுங்கள், கணவர் பெயரில் வேண்டாம். அவர் விசாவின் நிபந்தனைகள் வேறு. ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் தோழி யாராவது பார்ட்னராகச் சேர வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அவர்களுக்குச் சுயதொழில் கூடாது, மாட்டினால் படிப்பே போய்விடும்.

அடுத்து, உணவுத் தொழிலாக உங்கள் கவுன்சிலில் பதிய வேண்டும். விற்கத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே பதிவது சட்டம். கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறேன் என்று சிலர் பதியாமலே ஓட்டுகிறார்கள். தொடர்ந்து விற்றால் அதுவும் தொழில்தான். பதிந்த பிறகு ஒரு அதிகாரி வந்து சமையலறையைப் பார்ப்பார். சுகாதாரத்துக்குத் தரும் மதிப்பெண் 0 முதல் 5 வரை. உணவுத் தர முகமை 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' என்று ஒரு கையேடு இலவசமாகத் தருகிறது. அதை அச்சடித்து நிரப்பி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஃபிளாட் என்றால் இன்னொன்று: மிளகாய் வறுக்கும்போது ஸ்மோக் அலாரம் அலறும், மேல் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே இறங்கி வருவார். எக்ஸாஸ்ட் உருப்படியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இனி லேபிள். நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வாமை தரும் 14 பொருட்களைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. சேர்மானப் பட்டியலில் அவை தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துத் தெரிய வேண்டும். கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது, எள் இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது. உளுந்தும் கடலைப்பருப்பும் இல்லை. எள் போட்டதை மறக்க மாட்டீர்கள், பெருங்காயத்தை மறந்துவிடுவீர்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையும் அந்தப் பதினான்கில் ஒன்று. பருப்புதானே, குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை என்று நம்பி அப்படியே எழுதி விற்றால், அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள ஒருவர் உங்களால் படுக்கையில் விழுவார். கோதுமை இல்லாத பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். இவை தவிர நிகர எடை கிராமில், 'பெஸ்ட் பிஃபோர்' தேதி, உங்கள் பெயர், முகவரி எல்லாம் லேபிளில் வேண்டும். ஒவ்வாமை விவரம் வாங்குவதற்கு முன்பே இணையப் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

மிளகாய்த்தூளை வாங்காதீர்கள், முழு மிளகாய் வாங்கி நீங்களே அரையுங்கள். 2005-இல் சூடான் 1 என்ற சாயம் கலந்த மிளகாய்த்தூளால் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அன்றிலிருந்து மிளகாய் என்றாலே கேள்வி வரும். உங்கள் லெஸ்டரிலேயே பெல்கிரேவ் ரோடு, மெல்டன் ரோடு பக்கம் மொத்தமாக வாங்கினால் மலிவுதான், ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். யாரிடம், எந்த பேட்ச் வாங்கினீர்கள் என்பது ஒரு நோட்டில் இருக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். ஒரு பவுச் 6 பவுண்ட், தபால் உட்பட என்று வைத்துக்கொள்வோம். எட்சி 6.5 சதவீதம் எடுக்கும். பணம் செலுத்தும் சேவைக்கு 4 சதவீதமும் 20 பென்ஸும். பட்டியலிட 20 அமெரிக்க சென்ட். கூட்டினால் ஏறக்குறைய ஒரு பவுண்ட் போய்விட்டது. மீதி ஐந்தில் தபால், பவுச், லேபிள், பருப்பு, மிளகாய், மின்சாரம். கடைசியில் உங்கள் உழைப்பு. அதைச் சும்மா என்று எண்ணாதீர்கள். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. அந்தக் கணக்கில் உங்கள் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். ஒற்றைப் பவுச்சில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று பவுச் சேர்ந்த செட்டில்தான் மிஞ்சும்: 2 கிலோ வரையிலான சிறு பார்சலில் மூன்றும் போகும், தபால் செலவு மும்மடங்கு ஆகாது. ஒற்றைப் பவுச் ருசி பார்க்க, செட் சம்பாதிக்க.

விலை அதிகம் என்று நம்மவர்கள்தான் முதலில் சொல்வார்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ வெம்பிளியிலோ நம் ஊரிலிருந்து வரும் பொடிப் பாக்கெட்டின் விலையோடு ஒப்பிடுவார்கள். அந்த விலைக்கு உங்களால் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம். கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்த பொடிக்கும், போன வாரம் வறுத்த பொடிக்கும் மணத்திலேயே வித்தியாசம் தெரியும். வறுத்த தேதியைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். இரண்டாவது முறை ஆர்டர் போடுகிறவர்தான் உங்கள் தொழில். அவர் யார், எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறார் என்று குறித்து வையுங்கள். விளம்பரத்துக்குப் பணம் போடுவதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.

அதனால்தான் முதலில் எட்சி என்கிறேன். யார் வாங்குகிறார்கள் என்று தெரிய அது போதும். திரும்பி வருகிறவர்கள் சேர்ந்த பிறகு ஷாப்பிஃபை மாதிரி ஒன்றில் சொந்தக் கடை போடலாம். வட அயர்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் விதிகள் தனி, முதல் வருடம் விட்டுவிடுங்கள். பார்சல் வழியில் தொலைந்தால் நஷ்டம் உங்களுடையது. வாங்குபவர் கையில் சேரும்வரை பொறுப்பு விற்பவருக்கே என்பது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். விலையில் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரி சுலபம். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையிலான ஆண்டில் மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதிய வேண்டும். இது லாபக் கணக்கு இல்லை, வந்த பணம் முழுவதும். ஆண்டுக்கு 30 விற்பனையை எட்டினால் எட்சி போன்ற தளங்களே உங்கள் விவரத்தை அங்கே அனுப்பிவிடும், மறைக்க நினைத்தாலும் நடக்காது. தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். வாட் (மதிப்புக்கூட்டு வரி) பற்றி யாராவது பயமுறுத்தினால், அது 90,000 பவுண்ட் விற்பனைக்கு மேல் என்று சொல்லுங்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். கவுன்சில் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். வீட்டிலுள்ள பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அப்புறம் லேபிளுக்கு ஒரு வரைவு எழுதி அனுப்பினால், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.