வெற்றிலை பாக்கு வைத்தா அழைத்தார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நாள் தவறாமல் முகநூலில் புலம்பல்தான். சோறு ஊசிப்போச்சு, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அறையில் மூட்டைப்பூச்சி என்று ஏதாவது ஒன்று. உறவுக்காரர்கள் எல்லாம் படிக்கிறார்கள், அக்காவுக்கு அவமானமாக இருக்கிறது. இங்கே பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்களும் அங்கே குளிர், தனிமை, தொட்டதற்கெல்லாம் பேப்பர் என்று அழுகிறார்கள். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லையே, இவர்களாகத்தானே போனார்கள்? அவ்வளவு கஷ்டம் என்றால் திரும்பி வர வேண்டியதுதானே? வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏன் இப்படி ஊரறியப் புலம்புகிறார்கள்? மாமாவிடம் எப்படிச் சொல்லி இதை நிறுத்துவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போவதில்லை. கொஞ்ச நாளாகவே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த வெற்றிலை பாக்கு. இந்தப் பேச்சை யார் வாயில் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும். உங்கள் அக்கா வீட்டில் உலை கொதிப்பது அந்த மனிதர் அனுப்பும் பணத்தில். கணக்கு எழுதுகிறவர் நீங்கள். ‘திரும்பி வர வேண்டியதுதானே’ என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

நான் போட்டுக் காட்டுகிறேன். ஏஜெண்டுக்குக் கொடுத்தது 3 லட்சம், மூன்று வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வட்டி மட்டுமே 9,000 ரூபாய். ஒரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், 65 ரூபாய் என்று வையுங்கள். கேட்டரிங் சோறு, போன், சில்லறைச் செலவு போக அவர் 540 வெள்ளி அனுப்பினால் இங்கே வருவது 35,000. அதில் வீட்டுச் செலவுக்கு 12,000 எடுத்துவிட்டு மீதி 23,000-ஐ அப்படியே கடனுக்குக் கட்டினாலும், அசலும் வட்டியும் தீர 17 மாதம் ஆகும். அங்கே வேலை செய்யக் கொடுக்கும் பெர்மிட்டோ அதிகபட்சம் இரண்டு வருடம். பதினாலாவது மாதம் கட்டிய பிறகும் 60,000 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும். இதில் ஒரு காய்ச்சல், ஒரு காதுகுத்து, ஒரு மாதம் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இல்லாமல் போனது எதையும் நான் சேர்க்கவில்லை. பாதி ஆற்றில் நிற்கிறவரைப் பார்த்துக் கரையேறு என்கிறீர்கள்.

அந்த 3 லட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சி வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். மிச்சமெல்லாம் ரசீதில்லாத பணம். கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது என்பதால் பின்னால் எங்கே போய் நின்றாலும் பேச்சு எடுபடாது. போய்விட்ட மாமாவுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. அடுத்துக் கிளம்புகிறவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள்: ஏஜெண்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல், பணத்தை வங்கி வழியாக அனுப்பாமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

பிரான்ஸ்காரர்களை இந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள், அது வேறு கதை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளும்தான் அங்கே இருப்பவர்களில் நிறையப் பேர். குடியுரிமையோடு போனவர்கள். குளிரைத் திட்டினாலும் அரசாங்கத்தைத் திட்டினாலும் அவர்களை யாரும் விமானம் ஏற்றிவிட முடியாது. அவர்கள் அழுவது ஊர் நினைப்பில். அழட்டும், விடுங்கள்.

உங்கள் மாமாவின் நிலை அப்படியில்லை. அவருடைய பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி நினைத்தால் ரத்து செய்துவிடலாம். அதனால்தான் அவர் சோற்றையும் மூட்டைப்பூச்சியையும் பற்றி எழுதுகிறார். சம்பளம், ஓ.டி., பிடித்தம் என்று ஒரு வரி எழுதுகிறாரா பாருங்கள். எழுதமாட்டார். எழுதினால் மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிடுவார் என்ற பயம். வீட்டிலும் சொல்ல முடியாது. சொன்னால் அக்கா அழுவார், உங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். எங்கே சொன்னால் ஆபத்தில்லையோ அங்கே, எதைச் சொன்னால் ஆபத்தில்லையோ அதைச் சொல்கிறார். சோறு ஊசிப்போச்சு என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொன்று இருக்கும்.

சோறும் பொய்யில்லை. கேட்டரிங் சமையல் நடுராத்திரியில் நடக்கும். சூடு ஆறுவதற்கு முன்னால் சோறு ஒரு பொட்டலம், சாம்பார் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சு, பொரியல் ஒரு மூலையில் என்று கட்டிவிடுவார்கள். விடிவதற்குள் வேன் வந்து தொழிலாளர் விடுதியான டார்ம் வாசலில் இறக்கிவிட்டுப் போகும். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு லாரி ஏறுவார்கள். சைட்டில் குளிர்பெட்டி இருக்காது. இரும்புக் கம்பிக் கட்டுக்குப் பக்கத்திலோ கன்டெய்னர் நிழலிலோ பை தொங்கும். கட்டிய சூடு உள்ளேயே நின்று, அந்த ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால், பருப்பும் தேங்காயும் எத்தனை மணி நேரம் தாங்கும்? பன்னிரண்டு மணிக்கு முடிச்சை அவிழ்க்கும்போது புளித்த வாடை முகத்தில் அடிக்கும். பசிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் ஓ.டி. போச்சு. மதியத்துக்குச் சாம்பார் வேண்டாம், வற்றக்குழம்போ புளிக்குழம்போ போடு என்று அறையில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கேட்டரிங்காரர் கேட்பார். தேங்காய் அரைத்த எதையும் மதியத்துக்கு வாங்கவே கூடாது.

புலம்புவதை நான் குற்றம் சொல்லவில்லை. புலம்பலோடு நின்றுவிடுகிறார்களே, அதில்தான் எனக்கு ஆற்றாமை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஒரு தாள் வேண்டும், அந்தத் தாளில் தேதியும் தொகையும் வேண்டும். இது இல்லாமல் எத்தனை நியாயம் கையில் இருந்தும் ஜனங்கள் தோற்றுப் போகிறார்கள்.

அந்தத் தாள்களில் முதலாவது ஐ.பி.ஏ. கடிதம், அதாவது பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல். போவதற்கு முன்னால் வருவது, தமிழிலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் மாத பேசிக் எவ்வளவு, நிரந்தரப் படி எவ்வளவு, சாப்பாடு, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று தனித்தனியாக இருக்கும். அங்கே போய் இறங்கிய பிறகு ‘அது சும்மா பேப்பருக்கு, நிஜச் சம்பளம் இவ்வளவுதான்’ என்று வேறொரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடுவதுதான் முதல் சறுக்கல். தொழிலாளி எழுத்தில் சம்மதித்து, அதை மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தால்தான் ஐ.பி.ஏ.யில் உள்ள சம்பளத்தைக் குறைக்க முடியும். முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி வரியைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்து, தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து, இரண்டும் கழுத்தில் சுருக்கு.

அடுத்தது சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரலிலிருந்து பேசிக், படி, பிடித்தம், ஓ.டி. மணி, ஓ.டி. தொகை என்று பிரித்து எழுதிய சீட்டு கட்டாயம். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. பணம் வர வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைப் போட்டு ‘சாலரி’ என்று ஒரே வரியில் வந்தால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒளிவது பெரும்பாலும் ஓ.டி.யில்தான். கணக்கு இப்படி: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு. பேசிக் 600 வெள்ளி என்றால் மணிக்கு 3.15, ஓ.டி.க்கு 4.72. மாதம் 60 மணி ஓ.டி. செய்தவருக்கு 283 வெள்ளி வர வேண்டும். ஒன்றரை மடங்குக்குப் பதிலாக ஒற்றை மடங்கு போட்டுக் கொடுத்தால் 189 வரும். மாதம் 94 வெள்ளி காணோம். பதினாலு மாதத்துக்கு 1,300 வெள்ளிக்கு மேல், நம் பணத்தில் ஏறக்குறைய 86,000 ரூபாய். மேலே சொன்ன 60,000 சொச்சம் கடன் பாக்கியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி.

இதைக் கேட்க வேண்டுமென்றால் எத்தனை மணி வேலை செய்தார் என்று காட்ட வேண்டும். டைம் கார்டு கம்பெனி கையில். அதனால் சட்டைப்பையில் அடங்கும் டைரி ஒன்று போதும்: தேதி, சைட் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை. தினமும் படுக்கும் முன்னால் இரண்டு நிமிடம். அன்றன்றைக்கு எழுதியதற்குத்தான் மதிப்பு. ஆறு மாதம் கழித்து ஒரே மூச்சில் ஒரே பேனாவில் எழுதினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஞாயிறு வேலைக்குப் போனால் அதைத் தனியாக வட்டமிட வேண்டும். முதலாளி கேட்டு ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாரம் ஒரு முறை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போன் தொலைந்தது, சைட்டில் விழுந்து உடைந்தது என்று கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் நிறைய.

வேலையில் இருக்கும்போதே புகார் கொடுத்தால் பின்னோக்கி ஒரு வருடத்துப் பாக்கியைக் கேட்கலாம். ஒரு வருடத்துக்கு முந்தியது காலாவதி. பதினாலு மாதம் ஆகிவிட்டது என்றீர்களே, முதல் இரண்டு மாதம் ஏற்கெனவே கைநழுவிவிட்டது. வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகாரை வாங்குவது டாடெம் (TADM) என்று ஓர் அமைப்பு. முதலில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும், முடியாவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகும். வழக்கு நடக்கும்போது தங்குவதற்குத் தனி அனுமதி கிடைக்கும். பாக்கி தராமல் விமானம் ஏற்றப் பார்த்தால், குடிநுழைவு அதிகாரியிடம் ‘எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது’ என்று அங்கேயே சொல்லலாம். முதலாளியோடு முட்டவே வேண்டாம் என்றால் இன்னொரு வழி: கட்டட வேலைக்காரர்களுக்குப் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும்வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி விண்ணப்பம் போடலாம். அந்த 20 நாள் எப்போது வருகிறது என்று காலண்டரில் இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்குப் போயிருக்கும் பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு விதிகள் வேறு. பத்தாவது தேறாதவர் என்றால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு, இருக்கும். விசிட் விசாவில் போய் வேலை செய்தால் பிறகு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. முறைப்படி போகிறவர் 275 ரூபாய் கட்டும் இரண்டு வருடக் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் உண்டு. அந்தப் பாலிசித் தாள் போனவர் பெட்டியில் கிடந்து பயனில்லை, வீட்டில் இருக்க வேண்டும். துபாய்ப் பக்கம் கடைசியில் தரும் பணிக்கொடை பேசிக்கின் மேல்தான். பேசிக்கைக் குறைத்துப் படியை ஏற்றிக் காட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முகநூல் பேச்சையே எடுக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களாகக் கூப்பிடுங்கள். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் இங்கே ஏழு மணிக்குள் கூப்பிட்டுவிடுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள், சோற்றைப் பற்றி அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அப்புறம் ஐ.பி.ஏ.யையும் இதுவரை வந்த சம்பளச் சீட்டுகளையும் போட்டோ எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கடையில் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் போடுங்கள்: பேசிக், ஓ.டி. மணி, வர வேண்டியது, வந்தது, வித்தியாசம். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைக் கூட்டி வந்த தொகையை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.