மாதம் 200 ரூபாய்க்குள் கிறிஸ்தவ நாவல்கள்

சகோதரி, பிரான்சீன் ரிவர்ஸ் நாவல்களை முடித்துவிட்டீர்கள், மாதம் 200 ரூபாய்க்குள் அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். காப்புரிமை முடிந்த அருமையான நாவல்கள் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஈபப் (மின்நூல்) கோப்பாக இறக்கிக்கொண்டால் கைபேசியிலேயே படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது லூ வாலஸ் 1880-இல் எழுதிய ‘பென்-ஹர்’. தொடக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து ஓர் ஓடு பெயர்ந்து ரோம ஆளுநர்மேல் விழுகிறதே, அப்புறம் கீழே வைக்க மனம் வராது. குஷ்டரோகத்தோடு சிறையிலிருந்து வெளியே வரும் தாய், வீட்டு வாசலில் தூங்கும் மகன் பென்-ஹரைத் தொட அஞ்சி, அவன் செருப்பின் அடியை மட்டும் முத்தமிடுவாள். அந்தப் பக்கத்தை எப்போது படித்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ரோமப் பேரரசன் நீரோ காலத்துக் கிறிஸ்தவ சபையைப் பார்க்க ஆசையிருந்தால் சியன்கியவிச்சின் ‘குவோ வாடிஸ்’. பெரிய புத்தகம், அதனால் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எளிய ஆங்கிலம் வேண்டுமென்றால் சார்லஸ் ஷெல்டனின் ‘இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்’ போதும், சின்னதுதான்.

சமைக்கும்போது கேட்க லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் உண்டு, அவையும் இலவசம்.

புதிய எழுத்தாளர்களுக்கு மட்டும் அந்த 200 ரூபாயைச் சேர்த்து வையுங்கள். சபையில் படிக்கிற நாலு பேர் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒன்றின் விலையில் நான்கு படித்துவிடலாம்.