நியாயத்தொடையில் வரும் ‘தொடை’

கேள்வி: உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கும் என் மகள், தமிழில் ‘நியாயத்தொடை’ என்று கற்றதை ஆங்கில நூலொன்றில் ‘சிலொஜிசம்’ என்று கண்டாள். அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் அதைத் ‘தொடை’ என்பது ஏன்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அச்சொல்லின் வேர் கிரேக்கம். ‘ஒன்றுசேர’ என்று பொருள்படும் ‘சின்’ என்ற முன்னொட்டும், ‘கணக்கிடுதல்’ என்று பொருள்படும் வினையும் கூடிப் பிறந்த ‘சிலொகிஸ்மொஸ்’, இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகப் 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது. சில கூற்றுகளை ஏற்றுக்கொண்டால் அவற்றிலிருந்து வேறொரு கூற்று தவிர்க்க முடியாதபடி பின்தொடரும் பேச்சு என்று அதற்கு வரையறை தந்தவர் அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322).

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு மாநகரசபை எல்லைக்குட்பட்ட இடங்கள் யாவும் மேல் மாகாணத்தில் உள்ளவை. வெள்ளவத்தை அந்த எல்லைக்குட்பட்டது. ஆகவே வெள்ளவத்தை மேல் மாகாணத்தில் உள்ளது. முதலிரண்டும் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு. எடுகூற்றுகள் இரண்டிலும் வந்து, அவற்றைப் பிணைத்துவிட்டு, முடிவில் மறைந்துபோகும் ‘மாநகரசபை எல்லைக்குட்பட்டது’ என்பதே மத்திய பதம். தெஹிவளையும் மேல் மாகாணத்தில்தான் உள்ளது. ஆதலால் அதுவும் கொழும்பு மாநகரசபைக்குட்பட்டது என்று ஒருவர் வாதிட்டால் அது போலி நியாயம். மேல் மாகாணத்தில் இருப்பது இரண்டுக்கும் பொதுவென்றாலும், அந்தப் பொதுமை இரண்டையும் பிணைக்கப் போதாது. தெஹிவளைக்கு வேறு மாநகரசபை உண்டு.

இந்தப் பிணைப்பைச் சொல்லத் ‘தொடை’யைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. தொடுக்கப்படுவது தொடை, மாலைக்கும் அதுவே பெயர். எதுகைத் தொடையில் இரண்டாம் எழுத்து மீண்டும் வந்து அடிகளைக் கட்டுவதுபோல, இங்கே மத்திய பதம் மீண்டும் வந்து கூற்றுகளைக் கட்டுகிறது.

நம் மரபின் அனுமானம் இதற்கு நெருங்கிய உறவே தவிர, இதுவே அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அதன் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்தாக விளக்குகிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம்; புகையுடைமையால் என்பது ஏது; அடுக்களைபோல் என்பது திட்டாந்தம். கிரேக்க முறையில் இறுதியில் வரும் முடிவு இங்கே முதலிலேயே நிற்பதைக் கவனியுங்கள். எதிரே இருப்பவரிடம் ஒன்றை நிறுவப் புகுந்தவர், நிறுவப்போவதை முன்வைத்துவிட்டுத்தானே காரணம் காட்டத் தொடங்குவார்?

கிரேக்கச் சொல்லில் உள்ள ‘கணக்கு’ தமிழுக்கும் அந்நியமன்று. ‘அளவை’ அளத்தலிலிருந்து வந்தது. தத்தம் சமயக் கொள்கைகளை எடுத்துரைப்போரை மணிமேகலையின் 27ஆம் காதையும் ‘சமயக்கணக்கர்’ என்றே அழைக்கிறது.